எஃகின் பெயரும் வாயின் தடிமனும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்தில், கோல்டன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஸ்பைடர்கோ நிறுவனம் பாரா மிலிட்டரி 2 என்ற மடக்குக் கத்தியை அங்கேதான் செய்கிறது. 2010இல் வந்த கத்தி. விரித்தால் அலகின் நீளம் 87 மில்லிமீட்டர், முதுகுத் தடிமன் 3.7 மில்லிமீட்டர், மொத்த எடை ஏறக்குறைய 110 கிராம். இத்தனை ஆண்டுகளில் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. எஃகுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் எஸ்30வி, பிறகு எஸ்45விஎன், நடுநடுவே குறைந்த எண்ணிக்கையில் வேறு பல எஃகுகள். பிடி அதே பிடி, அச்சு அதே அச்சு. அலகின் அடியில் பொறித்த எழுத்துகள் மட்டும் வேறு. அந்த எழுத்துகளுக்காக ஒரே கத்தியை இரண்டு மூன்று முறை வாங்குகிற ஆர்வலர்கள் உண்டு.

புதிதாக ஒரு மடக்குக் கத்தி வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன எஃகு?" அடுத்தது, "என்ன லாக்?" கத்தியின் வாய்க்கு உடனே மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த அளவை வெளியிடுவதில்லை. ஆனால் வெட்டுகிற வேலையில் பெரும்பங்கு அந்த வெளியிடாத அளவுக்குத்தான். எஃகுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. எஃகு எதற்காக நன்றாக இருக்க வேண்டும் என்பதை வாயின் வடிவத்திலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் கட்சி.

கத்தி எப்படி மழுங்குகிறது? நன்றாகச் சாணை பிடித்த வாயின் உச்சி ஒரு மைக்ரானுக்கும் குறைவான அகலம் கொண்டது. மனிதத் தலைமுடியின் பருமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை வைத்து அதன் நுணுக்கத்தை ஊகிக்கலாம். அட்டைப்பெட்டியை அறுக்கும்போது அட்டையில் ஒட்டியிருக்கும் மண்ணும் மணலும் அந்த உச்சியைத் தேய்க்கின்றன. இது ஒரு வகை. பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் உச்சி ஒரு பக்கமாக மடங்கிப்போகும். இது இரண்டாவது வகை. எலும்பிலோ கம்பியிலோ பட்டால் சில்லுச் சில்லாக உதிரும். அது மூன்றாவது. எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் துரு உச்சியைத் தின்றுவிடும். அது நான்காவது. தேயாமல் இருக்க ஒரு குணம் வேண்டும், மடங்காமல் இருக்கக் கடினம் வேண்டும், உதிராமல் இருக்க முறியாத்தன்மை வேண்டும், துருவை எதிர்க்கக் குரோமியம் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. கத்தி எஃகின் நூறாண்டு வரலாறு முழுவதும் இந்த இழுபறிதான்.

கடினத்தை அளக்க ராக்வெல் என்ற அளவை இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பேரிங் தொழிலில் இருந்த ஸ்டான்லி ராக்வெல், ஹியூ ராக்வெல் என்ற இருவர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ எடைக்குச் சமமான விசையில் எஃகில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். நல்ல மடக்குக் கத்திகள் 58 முதல் 64 வரை இருக்கும். இந்த எண் வாய் மடங்காமல் நிற்குமா என்பதை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் 61 என்று வரும் இரண்டு எஃகுகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு நேரம் கூர்மையாக இருப்பதுண்டு. காரணத்தை உருப்பெருக்கியில் பார்க்கலாம்.

பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்த எஃகின் உடல் மார்ட்டன்சைட் என்ற கட்டமைப்பு. அதற்குள், கான்கிரீட்டில் ஜல்லி பதிந்திருப்பதுபோல, கார்பைடு துகள்கள் பதிந்திருக்கின்றன. கார்பன் ஒரு உலோகத்தோடு சேர்ந்து உருவாகும் துகள்கள் இவை. 60 ராக்வெல் கடினமுள்ள எஃகை விக்கர்ஸ் என்ற இன்னொரு அளவையில் அளந்தால் 700 வரும். குரோமியம் கார்பைடு அதே அளவையில் 1,500 வரை போகும். வனேடியம் கார்பைடு 2,800ஐத் தொடும். மணல் துகள் வந்து உரசும்போது உடல் தேயும், கார்பைடு தாங்கி நிற்கும். அதனால்தான் கார்பைடு அதிகமான எஃகு நீண்ட நேரம் கூர் தாங்குகிறது. ஆனால் விரிசல் தொடங்கும் இடமும் அந்தக் கார்பைடுதான். துகள் பெரிதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். டி2 என்ற பழைய அச்சு எஃகில் முப்பது, ஐம்பது மைக்ரான் நீளக் கார்பைடுகள் இருக்கும். ஒரு மைக்ரான் அகல உச்சியில் அப்படி ஒரு துகள் அமர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். துகள் பெயர்ந்துவிட்டால் அது இருந்த இடம் பள்ளமாகிவிடும்.

உருக்கிய எஃகை வார்ப்பில் ஊற்றினால் அது மெதுவாக உறையும். அந்த மெதுவான நேரத்தில்தான் கார்பைடுகள் வளர்ந்து பெரிதாகின்றன. இதை உடைத்த தொழில்நுட்பம் தூள் உலோகவியல். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பகுதியில் இயங்கிய குரூசிபிள் நிறுவனம் 1970 வாக்கில் இதைத் தொழில்முறைக்குக் கொண்டுவந்தது. உருகிய எஃகை ஒரு சிறு துளை வழியே விழவிட்டு, அதன்மேல் அதிக அழுத்தத்தில் வாயுவைப் பீய்ச்சுவார்கள். எஃகு நுண்துளிகளாகச் சிதறி நொடிக்குள் உறைந்துவிடும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி வார்ப்பு. கார்பைடு வளர அங்கே நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அந்தத் தூளை உருளை டப்பாக்களில் அடைத்து, காற்றை நீக்கி மூடி, சூட்டோடு எல்லாப் பக்கமும் அழுத்தினால் முழு எஃகுக் கட்டி கிடைக்கிறது. அதிலுள்ள கார்பைடுகள் பெரும்பாலும் சில மைக்ரான் அளவுதான்.

இந்த முறையில் கத்திக்கென்றே வடிவமைத்த எஃகு எஸ்30வி. 2001இல் குரூசிபிளில் டிக் பார்பர் அதை உருவாக்கினார். மடக்குக் கத்தி செய்யும் கிரிஸ் ரீவ், ஸ்பைடர்கோவின் சால் கிளெஸ்ஸர் போன்றவர்கள் என்ன வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4, மாலிப்டினம் 2 விழுக்காடு. அதுவரை கத்திக்காரர்கள் வேறு தொழில்களுக்காகச் செய்த எஃகைத்தான் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்: அச்சுகளுக்கான எஃகு, பேரிங் எஃகு, சவர பிளேடு எஃகு. தங்கள் தேவையைச் சொல்லி எஃகு செய்யவைத்தது அந்தத் தொழிலில் பெரிய மாற்றம்.

குரோமியக் கணக்கு சுவையானது. 1913 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி வார்த்த எஃகில் 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. துப்பாக்கிக் குழாய் அரிப்பைப் பற்றிய ஆய்வில் பிறந்த எஃகு அது. அதைக் கத்திக்குக் கொண்டுபோனபோது ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளிகள் நகைத்தார்கள். பழக்கமில்லாத எஃகைப் பழைய முறையில் பதப்படுத்தியதால் அந்தக் கத்திகள் வெட்டவில்லை. "துருப்பிடிக்காதது வெட்டாது" என்ற எண்ணம் அங்கே தொடங்கி நீண்ட காலம் ஒட்டிக்கொண்டது. அதில் உண்மையின் ஒரு கீற்றும் உண்டு. துருவைத் தடுப்பது எஃகின் உடலில் கரைந்திருக்கும் குரோமியம். கார்பனோடு கூட்டுச் சேர்ந்து கார்பைடாகிவிட்ட குரோமியம் துருவுக்கு எதிராக எதுவும் செய்யாது. டி2 எஃகில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் அது துருப்பிடிப்பது இதனால்தான். எஸ்30வியில் 14 விழுக்காடு போடுவதும் கார்பைடுக்குப் போகும் பங்கைக் கழித்த பிறகு மீதி போதுமானதாக இருக்கட்டும் என்றுதான். ஆக, துருவைத் தடுக்கக் குரோமியத்தைக் கூட்டினால், விலையாக, பெரியவையும் வனேடியம் கார்பைடைவிட மென்மையானவையுமான குரோமியம் கார்பைடுகளையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

லாரின் தாமஸ் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். டமாஸ்கஸ் வகை எஃகு செய்யும் டெவின் தாமஸின் மகன் அவர். சிறு வயதிலிருந்தே எஃகின் நடுவில் வளர்ந்து, கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் முனைவர் பட்டம் பெற்ற உலோகவியலாளர். 2021இல் குரூசிபிள் வெளியிட்ட அவருடைய மேக்னாகட் எஃகில் குரோமியம் 10.7 விழுக்காடுதான். பட்டியலில் அதைப் பார்ப்பவர் இது துருப்பிடிக்கும் என்றே நினைப்பார். ஆனால் கார்பனை 1.15 விழுக்காடாகக் குறைத்து, 4 விழுக்காடு வனேடியமும் 2 விழுக்காடு நியோபியமும் சிறிது நைட்ரஜனும் சேர்த்து, பதப்படுத்திய பிறகு குரோமியம் கார்பைடே மிஞ்சாதபடி அவர் அளவுகளை அமைத்தார். கார்பன் முழுவதையும் வனேடியமும் நியோபியமும் உடலும் பங்கிட்டுக்கொள்கின்றன. குரோமியம் கரைந்தே நிற்கிறது. அதனால் 14 விழுக்காடு குரோமியமுள்ள எஸ்30வியைவிட இது துருவை நன்றாக எதிர்க்கிறது. மிஞ்சிய கார்பைடுகள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. எனவே முறியாத்தன்மை துருப்பிடிக்கும் ரகத் தூள் எஃகுகளுக்கு இணையாக உயர்ந்துவிட்டது. சேர்மானப் பட்டியலை மட்டும் வாசித்து எஃகை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஸ்பைடர்கோ கடலோரப் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் சால்ட் வரிசையில் இது இடம் பிடித்ததும் பொருத்தமே. குரூசிபிள் 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தபோது ஆர்வலர்களுக்கு முதலில் வந்த கவலை, இனி மேக்னாகட் கிடைக்குமா என்பதுதான்.

பதப்படுத்தலையும் விட்டுவிட முடியாது. மேக்னாகட்டை 1,120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, வேகமாகக் குளிர்வித்து, பூச்சியத்துக்குக் கீழே பல பத்து டிகிரிக்குக் கொண்டுபோய், பிறகு 175 முதல் 200 டிகிரியில் இருமுறை பதமாக்குவார்கள். ஆழக் குளிர்வு ஏனென்றால், அறைவெப்பத்தில் மாறாமல் தங்கிவிடும் மென்மையான ஆஸ்டெனைட் என்ற கட்டமைப்பையும் கடின மார்ட்டன்சைட்டாக மாற்றுவதற்கு. ஒரே எஃகு ஒரு பட்டறையிலிருந்து 60ஆகவும் இன்னொன்றிலிருந்து 64ஆகவும் வரலாம். பொறிக்கும் எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110 என்ற மடக்குக் கத்திக்கு 420எச்சி என்ற எளிய, மலிவான எஃகைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. பால் பாஸ் என்பவர் வகுத்த பதப்படுத்தும் முறை அந்த எளிய எஃகுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது.

இனி வடிவத்துக்கு வருவோம்.

ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்கென்று காட்ரா என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே கூர் தாங்கும் திறனை ஒரு எந்திரம் சோதிக்கிறது. ஐந்து விழுக்காடு சிலிக்கா கலந்த அட்டைக் கட்டின்மேல் கத்தி முன்னும் பின்னுமாக 60 முறை ஓடும். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுபட்டது என்பதே மதிப்பெண். லாரின் தாமஸ் பல எஃகுகளை இப்படிச் சோதித்து, கடினம், வாயின் கோணம், ஒவ்வொரு வகைக் கார்பைடின் அளவு மூன்றையும் வைத்து ஒரு சமன்பாடு அமைத்தார். ஒரே அளவு குரோமியம் கார்பைடைவிட வனேடியம் கார்பைடு அதில் இருமடங்குக்கு மேல் பலன் தருகிறது. எஃகின் கட்சிக்காரர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே சமன்பாட்டில் வாயின் மொத்தக் கோணத்தை ஒரு டிகிரி குறைப்பது, ராக்வெல் கடினத்தில் ஒரு புள்ளி கூட்டுவதைவிடச் சற்றே அதிகப் பலன் தருகிறது. 40 டிகிரி வாயை 30 டிகிரியாக்கச் சாணைக்கல்லில் அரைமணி நேரம் போதும். கடினத்தில் பத்துப் புள்ளி கூட்ட எந்த எஃகாலும் ஆகாது. ஏனென்றால் அந்த எஃகு அதற்கு முன்பே கண்ணாடிபோல் நொறுங்கிவிடும்.

அப்படியானால் எல்லாக் கத்தியையும் 20 டிகிரிக்குச் சீவிவிடலாமே? முடியாது. மெல்லிய வாய் மடங்கும், உதிரும். எஃகின் தரம் இங்கேதான் உண்மையில் கைகொடுக்கிறது. முறியாத்தன்மையும் கடினமும் ஒருசேர இருக்கும் எஃகு, உதிராமல் மெல்லியதாக நிற்க அனுமதிக்கிறது. சவர பிளேடுக்கென்று ஸ்வீடனில் பிறந்த ஏஇபி-எல் எஃகு, கார்பைடு குறைவு என்பதால் தேய்மானப் பட்டியலில் கீழே நிற்கும். ஆனால் அதன் கார்பைடுகள் மிகச் சிறியவை. தூள் முறை இல்லாமலே அப்படி. அதை மெல்லிய கோணத்தில் சீவிவைத்தால், தடித்த கோணத்தில் இருக்கும் விலை உயர்ந்த எஃகைவிட இலகுவாக வெட்டும். விலை உயர்ந்த எஃகை வாங்கி, அதைத் தடித்த கோணத்திலேயே வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்கிய பலனைப் பாதிகூட எடுத்துக்கொள்வதில்லை.

பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் தொடங்கிய மடக்குக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் எண் ஓபினெலின் அலகு 8.5 சென்டிமீட்டர், பாரா மிலிட்டரிக்குக் கிட்டத்தட்ட அதே நீளம். எஃகு சாதாரணக் கார்பன் எஃகு, அல்லது ஸ்வீடன் நாட்டு 12சி27. விலை பாரா மிலிட்டரியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆனால் ஆப்பிளையோ பாலாடைக் கட்டியையோ நறுக்கச் சொன்னால் ஓபினெல் வழுக்கிக்கொண்டு போகும். மற்றது ஆப்பிளைப் பிளக்கும். ஓபினெலின் அலகு இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை.

ஏன் ஒன்று அவ்வளவு மெலிவு, மற்றது அவ்வளவு தடிப்பு? பூட்டைப் பாருங்கள். ஓபினெலில் 1955 முதல் இருக்கும் பூட்டு, பிடியின் கழுத்தில் சுழலும் ஓர் உலோக வளையம். அலகு மடங்கும் பிளவை அது மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அலகின் அடிப்பாகத்தில் ஒரு பூட்டுத் தகடு அழுத்தி உட்கார அகலம் தேவையில்லை. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் வடிவமைத்த லைனர் லாக்கிலும், கிரிஸ் ரீவின் ஃபிரேம் லாக்கிலும் பிடிக்குள்ளிருந்து ஒரு தகடு வளைந்து வந்து அலகின் அடியை முட்டுக்கொடுக்கிறது. முட்டும் பரப்பு அகலமாக இருந்தால்தான் பூட்டு நம்பகமாக இருக்கும். பாரா மிலிட்டரியின் கம்ப்ரஷன் லாக் அந்தத் தகட்டை முதுகுப் பக்கம் கொண்டுபோய், அலகுக்கும் ஒரு எஃகு ஊசிக்கும் நடுவே ஆப்பாகச் செருகுகிறது. விரலை அலகு மடங்கும் வழியில் வைக்காமலே மூடலாம் என்பது இதன் அருமை. ஆனாலும் அகல அடி இதற்கும் உதவுகிறது. இப்படி அடியில் தடிமன் வேண்டும் என்று பூட்டு கேட்கிறது. வாயில் மெலிவு வேண்டும் என்று வெட்டு கேட்கிறது. மடக்குக் கத்தி வடிவமைப்பவர் இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே நிற்கிறார். பெஞ்ச்மேட் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த பக்அவுட், குறுக்குக் கம்பியால் பூட்டும் கத்தி, அலகு 2.3 மில்லிமீட்டர் தடிமனே. மொத்த எடை 52 கிராம். பூட்டு வகையை மாற்றினால் தடிமனில் பேரம் பேச இடம் கிடைக்கிறது என்று அது காட்டியது.

முதுகு தடித்திருந்தாலும் வாயை மெலிவாக்கச் சீவும் உயரம் உதவும். கணக்கிட்டே பார்க்கலாம். அலகின் உயரம் 25 மில்லிமீட்டர், முதுகு 3.7, வாய்க்கு மேலே 0.5 என்று வைத்துக்கொள்வோம். முதுகிலிருந்தே சரிவாகச் சீவினால் அலகு 7.3 டிகிரி ஆப்பாக இருக்கும். பாதி உயரத்திலிருந்து மட்டும் சீவினால் அதே ஆப்பு 14.6 டிகிரி. வாயின் கோணம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். காகிதத்தைக் கீறினால் வேறுபாடு தெரியாது. தடித்த அட்டையில் இறக்கினால்தான் இரண்டாவது கத்தி நடுவில் சிக்கிக்கொள்வது தெரியும். நிறுவனங்கள் வாயைத் தடிப்பாக விடுவதற்கும் நியாயம் உண்டு. வாங்குகிறவர்களில் ஒருவர் கத்தியால் டப்பா மூடியை நெம்புவார். உடைந்தால் உத்தரவாதம் கேட்டு வருவார். எல்லோருக்குமான கத்தி, அந்த ஒருவரை மனத்தில் வைத்துத் தடித்துப்போகிறது.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சில் குண்டு பேரிங் வைத்தால் அலகு வழவழவென்று விரியும். மணலும் சட்டைப்பைத் தூசியும் புகுந்தால் அதே பேரிங் கரகரக்கும். வெண்கல வாஷர் அந்த அளவு வழுக்காது, ஆனால் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். ஃபிரேம் லாக்கில் டைட்டேனியம் தகடு தன்னைவிடக் கடினமான எஃகில் உரசுவதால் காலப்போக்கில் தேயும்; அதற்காகவே பலர் தகட்டின் நுனியில் ஒரு எஃகுத் துண்டைப் பொருத்துகிறார்கள். அலகில் வட்டத் துளையும் பிடியில் கிளிப்பும் வைத்து ஸ்பைடர்கோ 1981இல் விற்ற வொர்க்கர் என்ற முதல் கத்தி, ஒரே கையால் எடுத்து விரிக்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. சட்டமும் வடிவமைப்பாளர்தான்: பிரிட்டனில் காரணம் சொல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டுமானால் அலகு 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக்கூடாது. அதனால் அந்த நாட்டுக்கென்றே பூட்டில்லாத நவீன மடக்குக் கத்திகள் உருவாயின.

எஃகை வடிவத்திலிருந்து பிரித்துச் சோதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்பைடர்கோ ஓர் அருமையான கருவி தந்திருக்கிறது. மியூல் டீம் என்ற திட்டத்தில் ஒரே வடிவ, மடங்காத நிலைக்கத்தியை, பிடி மாட்டாமல், ஒவ்வொரு முறையும் வேறு எஃகில் செய்து விற்கிறார்கள். வாங்குகிறவர் தாமே பிடி போட்டு, மணிலாக் கயிற்றையும் அட்டையையும் அறுத்து ஒப்பிடுகிறார். மற்றதெல்லாம் மாறாமலிருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் அறிவியல் முறையை, சம்பளம் வாங்காத ஆயிரம் கைகள் விரும்பிச் செய்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

கடைசியாகச் சாணை. வனேடியம் கார்பைடின் கடினம் 2,800 என்றோம். சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு 2,100 அளவில்தான் நிற்கிறது. கல் எஃகின் உடலைத் தேய்க்குமே தவிர, கார்பைடைத் தொடமுடியாது. மணலை எதிர்த்த அதே குணம் கல்லையும் எதிர்க்கிறது. ஆகவே எஸ்30வி போன்ற எஃகு வைத்திருப்பவர்கள் வைரத்தகட்டுக்கு மாறுகிறார்கள். ஏஇபி-எல்லோ ஓபினெலின் கார்பன் எஃகோ எந்தக் கல்லிலும் சில நிமிடங்களில் கூர் பெறும்.

ஒவ்வொரு சாணையிலும் வாய் சிறிது சிறிதாக மேலே, தடித்த பகுதிக்கு ஏறுகிறது. நாம் கணக்கிட்ட இரண்டு அலகுகளில், பல ஆண்டுச் சாணைக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்று கொள்வோம். முதுகிலிருந்து சீவிய அலகில் வாய்க்கு மேலே தடிமன் 0.5இலிருந்து 0.76 மில்லிமீட்டராகும். பாதி உயரத்திலிருந்து சீவியதில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது வாயை மட்டும் தீட்டிப் பயனில்லை. அலகின் இரு பக்கங்களையும் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மெலிவாக்க வேண்டும். மடக்குக் கத்தியில் அதைச் செய்ய முதலில் அச்சுத் திருகைக் கழற்றி அலகைத் தனியே எடுக்க வேண்டும்.